ஏழுநாள்காரர்

படகுத்துறையில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழுநாள்காரர் என்றால்தான் தெரியும். சின்னப் படகுகளின் ஓட்டை அடைப்பது அவர் தொழில். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் தேதி எழுதுவார். அன்றிலிருந்து ஏழு நாள் படகு தண்ணீரைத் தொடக்கூடாது. படகுக்காரன் அழுதாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்றால் பாலியூரித்தேன் பசைதான், அதுவும் கறுப்பு. அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மேலே ஒரே நாளில் தோல் கட்டிவிடும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு வேறு பசை வைத்திருந்தார். சிலிக்கான் பசையைத் தன் வேலைக் கொட்டகைக்குள்ளேயே விடமாட்டார். ஒரு தடவை அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்கூட நிற்காதாம்.

"தானும் ஒழுங்கா ஒட்டாது, ஒட்ட வர்றவனையும் விடாது" என்பார்.

"உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க" என்பேன். சிரிப்பார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

அந்தத் தங்கச்சி, என் நாத்தனார், மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு படகில் வந்து இறங்கினாள். படகின் அடியில் தண்ணீர் வடிகிற பித்தளைக் குழாய் ஆட்டம் கண்டிருந்தது. இவர் அதைக் கழற்றி, பழைய பசையை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, துடைத்து, புதிதாக வைத்து இறுக்கித் தேதி எழுதினார். ஏழு நாளும் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. எங்களுக்கு இருப்பதே இரண்டு அறை. நாத்தனார் என் பாத்திரங்களை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மடித்தாள். அவள் புருஷன் முன் அறையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, தண்ணீர் கொண்டா, காபி கொண்டா என்று உயிரை வாங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் இவர் திருகாணி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். நாத்தனார் புருஷன் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"தொட்டுப் பாத்தேம்மா, கையில ஒட்டல. காஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போகலாமா?"

"அண்ணி சொன்னா அண்ணன் சொன்ன மாதிரிதான்" என்றாள் நாத்தனார்.

நானும் போய்ப் பார்த்தேன். தொட்டால் காய்ந்துதான் இருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். தோல் கிழிந்து உள்ளே இருந்து கறுப்பாகப் பிசுபிசுத்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தாராளமா எடுத்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சிடுச்சு" என்றேன். அப்போது என் கண்ணுக்குக் குழாயும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. அவர்கள் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

சாயங்காலம் இவர் வந்து காலிக் கொட்டகையைப் பார்த்தார். "யாரு எடுக்கச் சொன்னா?"

"மாப்பிள்ளைதான் எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் சொன்னா கேக்கவா போறாரு?"

செருப்புகூடப் போடாமல் துறைக்கு ஓடினார். படகு போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. போன் போட்டார், எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் சாப்பாடு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவன் மட்டும் மீன் பிடிக்கப் போனபோது, என்ஜின் அதிர்வில் குழாய் பிடுங்கிக்கொண்டு, படகு வலையோடு முழுகிப்போனது. நாத்தனார் புருஷன் நீந்திக் கரையேறியிருக்கிறான். நேராகத் துறைக்கு வந்து, நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு கத்தினான்.

"வேலை முடிஞ்சுதுன்னு சொன்னதாலதானேய்யா எடுத்தேன்!"

"ஏழு நாள் ஆகாம எப்படி முடியும்? யாருப்பா சொன்னது?" என்று கேட்டார் டீசல் கடைக்காரர்.

நான் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எனக்கு வாய் இருந்தது. ஊரையே வையத் தெரிந்த வாய் அது. அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. நாத்தனார் புருஷன் என் பக்கம் கையை நீட்டப் போனான். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன். என் தப்புதான்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு படகுகூடக் கொட்டகைக்கு வரவில்லை. சொந்தத் தங்கை படகிலேயே வார்த்தை தவறியவனை எவன் நம்புவான்? தங்கை குடும்பம் கெட்டபெயர் வாங்கக்கூடாதென்று பழியைத் தலையில் போட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். நினைத்து, நாத்தனாரை இன்னும் நாலு வார்த்தை சேர்த்து வைதேன். கொட்டகையைப் பூட்டிவிட்டுக் குளியலறைச் சந்துகளை அடைக்கும் வேலைக்குப் போனார். எந்தச் சிலிக்கானை வாசலில் விடமாட்டாரோ, அதே சிலிக்கான். வீட்டுக்கு வந்தால் சட்டையில் அந்தப் புளித்த வாடைதான். எனக்கு ஒரு தொந்தரவும் வைப்பதில்லை. தட்டைக்கூட அவரே எடுத்து, சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்வார்.

நேற்று நாத்தனார் போன் செய்தாள். அவள் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறதாம், அண்ணன் வந்து அடைத்துத் தரவேண்டுமாம். இவர் மறுபேச்சில்லாமல் பையை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மானம் ரோஷம் இருக்கா உங்களுக்கு? உங்க பொழப்பைக் கெடுத்தவங்க வீட்டுக்கா?"

"அவங்க கெடுக்கல" என்றார்.

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. மூன்று வருஷம் மென்று முழுங்கியதை அழுதுகொண்டே கக்கினேன். நான்தான் எடுக்கச் சொன்னேன், உள்ளே பச்சையாக இருந்தது தெரிந்தே சொன்னேன் என்றேன்.

அவர் ட்யூப்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். அந்தப் பசை கையில பட்டா லேசுல போகாது. அன்னைக்கு நீ சாப்பாடு போடுறப்ப உன் கட்டைவிரல் நகத்துல கறுப்பு இருந்துச்சு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு என் கையால் அவர் ஒரு வாய் சாப்பாடு வாங்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அவரே போட்டுக்கொள்கிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.