சீமைக்குத் தானம் போன கல்

போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் ஒழுங்காக ஓடத் தொடங்கிய காலத்தில், சென்னையில் நிலவியல் பட்டம் பெற்றிருந்த நான், இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கத் துணிந்தேன். அரியலூரை அடுத்த எங்கள் சிற்றூரில், ஒரு நண்பகல் உணவின்போது இதை வீட்டாருக்கு அறிவித்தேன். தந்தையார் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார்.

"பாரிஸ்டருக்குப் படிக்கப் போறேன்னா அதுல ஒரு ஞாயம் இருக்கு. கல்லு படிக்கக் கப்பல் ஏறுவாங்களாடா? நம்ம மேட்டுக்கொல்லையில இல்லாத கல்லா சீமையில கெடக்கு?"

அவருடைய வினாவில் அறிவியல் இருந்தது. எங்கள் வட்டாரம் ஒருகாலத்தில் கடலடியாய்க் கிடந்தது. ஏர் ஓட்டினால் கல்லாய்ப்போன சிப்பி அகப்படும். இதை எடுத்துரைத்தால் "அப்ப இங்கயே படி" என்பார் என்று அஞ்சி, சோற்றைப் பிசைவதில் முனைந்தேன்.

அன்னையாரின் மறுப்பு வேறு வகையது. கடல் கடந்தவன் வெள்ளைக்காரியோடு திரும்புவான் என்பது அவர் துணிபு. ஆயினும், "மொதல்ல அந்த வெள்ளைக்காரன் எடம் குடுக்கட்டும். அப்புறம் போறதா வேணாமான்னு நான் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு இடம் கிடைக்காது என்பதில் அவருக்கிருந்த உறுதி என்னைச் சற்றே புண்படுத்தியது.

விண்ணப்பிப்பவன் தன் சொந்த வட்டாரத்தில் தானே கண்டெடுத்த தொல்லுயிர்ப் படிவம் ஒன்றை, அதைப் பற்றிய கட்டுரையோடு அனுப்பவேண்டும் என்பது அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வகுத்த விதி. காரை என்னும் ஊர்ப் பக்கத்து ஓடைப் பள்ளங்களில் வெயிலில் அலைந்து, உள்ளங்கையளவு கல்லொன்று எடுத்தேன். கடலில் வாழ்ந்த உயிரொன்று நத்தைபோல் சுருண்டபடியே கல்லாகியிருந்தது. சுருள்தோறும் வரிகள் ஓடியமையால் பார்வைக்குத் தேர்ச்சக்கரம் போலவே இருக்கும். அதை அளந்து, படம் வரைந்து, கட்டுரையை வான்வழி அஞ்சலில் அனுப்பினேன். கப்பல் அஞ்சலில் பின்னே போகவேண்டிய கல்லைச் சன்னலோரம் வைத்துவிட்டு, சான்றிதழ்ப் படிகளுக்குக் கையொப்பம் வாங்கத் திருச்சிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சன்னலோரம் வெறுமையாயிருந்தது. கல், பூசை அறையில் வெள்ளித் தட்டொன்றில், நெற்றி என்று கொள்ளத்தக்க இடத்தில் நாமம் தரித்து, சந்தனம் பூசி, துளசி சூடி எழுந்தருளியிருந்தது.

"அம்மா, இது..."

"இதுங்காத. அவருன்னு சொல்லு. சாளக்கிராமம்டா! சக்கரம் தெரியுது பாரு. காசிக்குப் போயிட்டு வந்தவங்களுக்கே கெடைக்காது. நம்ம வூட்டு சன்னல்ல வந்து குந்தியிருக்காரு."

"அவரா வரலம்மா. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

"நீ வச்சியோ, அவரு ஒன்னைய வைக்க வச்சாரோ!"

திருமாலின் வடிவாக வைணவர் வழிபடும் சாளக்கிராமமும், வடக்கே ஆற்றில் கிடைக்கும் இவ்வினக் கடலுயிரின் கல்லுருவேயாதலால், அன்னையாரை நிலவியல் கொண்டு மறுக்க வழியில்லை. போதாக்குறைக்கு, நான் திருச்சியில் இருந்தபோது மழை பெய்துவிட்டது. கடலை விதைக்க வானம் பார்த்திருந்த ஊர், அதைக் கல்லின் அருளாகவே கொண்டது. விக்கிரமங்கலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு தேங்காய் பழத்தோடு வந்தார்கள். வந்தவருள் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, எங்க மாடு செனை நிக்கமாட்டேங்குது. கண்டெடுத்தவங்க நீங்க. ஒங்க வாயால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாரு."

அவ்வார வெள்ளிக்குள் கல் அரியலூர் அஞ்சலகம் சேராவிட்டால் கப்பலைத் தவறவிடும். கப்பலைத் தவறவிட்டால் அவ்வாண்டுச் சேர்க்கை போயிற்று. வேறு கல்லை அனுப்பவும் இயலாது. அளவும் படமும் முன்னரே போய்விட்டன. நான் கெஞ்சினேன். அன்னையார் விளக்கேற்றினார். தந்தையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமாள் கோயில் பட்டரை அழைத்துவரச் செய்தார்.

பட்டர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் கல்லை நோக்கினார். "சாளக்கிராமத்த விக்கப்படாது, வாங்கப்படாது. தானமாக் குடுக்கலாம். அது ரொம்ப விசேஷம். வாங்கிக்கறவா தினம் தீர்த்தத்தால திருமஞ்சனம் பண்ணணும். மாம்சம் கிட்டக்க வரப்படாது. அவ்ளோதான்."

"வெள்ளைக்காரன் செய்வானா சாமி?" என்றார் அன்னையார்.

"எழுதிப் போட்டாச் செய்வான். எழுதினத அப்படியே செய்யறதுல அவாள அடிச்சுக்க ஆள் கிடையாது."

தானம் பெறுவோர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தமையால், அவர் சார்பில் நான் கை நீட்டினேன். தாரை வார்க்குமுன் பட்டர் நிறுத்தி, "வாங்கிக்கறவா என்ன கோத்திரம்?" என்றார். தெரியாது என்றேன். "தெரியலேன்னா காசியப கோத்திரம்னு வச்சுக்கலாம். சாஸ்திரத்துல எடம் இருக்கு" என்று, அப்பேராசிரியரைக் காசியபர் மரபில் சேர்த்துவிட்டார். அன்றிரவே பஞ்சு பொதிந்த மரப்பெட்டியில் கல்லை வைத்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன்: மாதிரியை நாள்தோறும் தூய நீரால் கழுவவேண்டும்; இறைச்சியுள்ள அறையில் வைத்தலாகாது. எழுதியதை அன்னையார் தமிழில் சொல்லச் சொல்லி, தந்தையாரையும் சான்றுக்கு வைத்துக்கொண்டு கேட்டபின்னரே பெட்டி வெளியேறியது.

மறுமொழி வரச் சில திங்கள் ஆயின. அதற்குள் ஊரில் இருமுறை மழை பொய்த்தது; இருமுறையும் பழி என்மேல் விழுந்தது. இறுதியில் கடிதம் வந்தது. எனக்கு இடம் கிடைத்திருந்தது.

அன்னையார் எதிரே அமர்ந்து, "முழுசாப் படி. ஒண்ணு வுடாத" என்றார்.

மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். மாதிரி நலமாக வந்து சேர்ந்தது. தாங்கள் குறித்தவாறு நாள்தோறும் கழுவுகிறோம்; காரணம் விளங்கவில்லை; எனினும் தவறவில்லை. அதன்மேல் படிந்துள்ள மணமிக்க மஞ்சள் பொடி எக்கனிமம் என்பதைத் தெரிவிக்கவும். அன்னையார் நிறைவோடு தலையசைத்தார். அடுத்த வரியில் நான் நின்றேன்.

"என்னடா முழிக்கிற?"

"உள்ளமைப்பைப் பாக்குறதுக்காக... ரம்பத்தால அறுத்து... ரெண்டாக்கிட்டாங்களாம்மா."

தந்தையார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் படிப்பு முடிந்தது என்றே எண்ணினேன்.

"உள்ள என்ன இருந்திச்சாம்?" என்று அன்னையார் கேட்டார்.

"அறை அறையாச் சுத்திப் போகுதாம். இவ்வளவு அழகான சக்கரத்த இதுவரைக்கும் பாத்ததில்லன்னு எழுதியிருக்காரு."

"உள்ளயும் சக்கரமா!" அன்னையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப ஒசந்த சாளக்கிராமம்தான். ஒடஞ்சு பின்னமானாலும் பூசைக்கு ஆவும்னு பட்டரு சொல்லியிருக்காரு. ரெண்டு ஆயிட்டாருல்ல? ஒண்ணை அந்தக் காசியபரே வச்சுக்கட்டும். இன்னொண்ணை நமக்குக் குடுக்கச் சொல்லு."

"எழுதுறேம்மா. தபால்ல..."

"தபால்லயா? சாமியைக் கண்டவன் கையில குடுத்து அனுப்புவியா?" அன்னையார் எழுந்து, பெட்டி இறக்கப் பரணுக்கு ஏணியைச் சாத்தச் சொல்லித் தந்தையாரை ஏவினார். "கப்பல் எப்பன்னு பாரு. நீயே போயித் தூக்கிட்டு வா."