கடைசியாகச் சேர்ந்தவர்

மில்லில் ஒரே காலையில் வயசானவர்களாகப் பார்த்து வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஸ்பின்னிங் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்த அப்பாவும் அவர்களில் ஒருவர். நான் அப்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வாய் சும்மா இருக்குமா?

"ஆட்குறைப்புன்னா அந்தப் பிரிவுல கடைசியாச் சேர்ந்தவரைத்தான் முதல்ல அனுப்பணும். சட்டமே இருக்குப்பா, லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்" என்றேன், சோற்றைப் பிசைந்தபடியே.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் அதே பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சேர்த்துவிட்டதே அப்பாதான்.

"ஏனுங்க வக்கீலம்மா, என்னைய வெளிய தள்ளத்தான் படிக்கறீங்களாக்கு?" என்றார் மாமா.

"அநியாயம் பண்ணினது மில்லுக்காரனுங்க மாமா."

"உங்கப்பாவுக்கு நியாயம் கிடைச்சா எம்புள்ளைக்குப் பாலு யாருங்க வாங்குவா?"

அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. "சேர்த்துவிட்டேன். அதுக்காக என் இடத்தைக் குடுக்க மாட்டேன். மனுவை எழுது கண்ணு."

மாமா கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். அக்கா அவர் தட்டைத் தொடவில்லை. பாதிச் சோறு இருந்த என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே மனுவை எழுதி முடித்தேன்.