மந்திரியைத் தூக்கிய கிரேன்

ஓய்வு பெற்றவர்கள் மரத்தில் இயந்திரப் பொம்மை செய்வது மூளைக்கு நல்லது என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்களாம். எங்கள் தெருவில் ஒரு முன்னாள் வங்கி மேலாளர் பெட்டி பெட்டியாக வரவழைக்கிறார். துண்டுகள் பலகையிலேயே வெட்டப்பட்டு வருகின்றன. பிய்த்தெடுத்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கடிகாரம் ஓடுகிறது, பசைகூட வேண்டாம். அதை அவர் "செய்தேன்" என்கிறார். கடையில் வாங்கிய பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுவிட்டுச் சமைத்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவரிடம் கேட்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

நான் செய்த காலத்தில் பெட்டிக்குள் இருந்தவை மூன்றடுக்கு ஒட்டுப்பலகைகள் சில, ஒரு வரைபடம், ஒரு சுருள் நூல், ஒரு பித்தளைக் கொக்கி. அவ்வளவுதான். வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, தலைமுடி போன்ற மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொரு பல்லையும் நாமே வெட்ட வேண்டும். சீமையில் செய்த அந்தப் பெட்டியைச் சென்னையிலுள்ள ஒரு கடை ரயிலில் அனுப்பியிருந்தது. ரயில் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னவாக்கும்?"

"கிரேன்."

"கிரேனா? பிள்ளைக்கா?"

"எனக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்குப் பிறகு பலரிடம் பார்த்துவிட்டேன். வேட்டி மடித்துக் கட்டிய, கல்யாணமான ஒரு தாலுகாக் கச்சேரிக் குமாஸ்தா, சம்பளத்தில் பொம்மை வாங்குகிறான் என்பது இந்த வட்டாரத்தில் குடிப்பழக்கத்தைவிட மோசமான செய்தி. குடிப்பவனுக்காவது கூட்டாளிகள் உண்டு.

அவை எல்லைக் கிளர்ச்சி ஆண்டுகள். மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம். சேர்க்கக் கூடாது என்று மறு கூட்டம். ஒரே மாதா கோவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடியவர்கள் வெளியே வந்து எதிரெதிர்த் தேநீர்க் கடைகளுக்குப் போனார்கள். நான் எந்தக் கட்சி என்று இரண்டு கடைகளிலும் கேட்டார்கள். நான் தற்காலிகக் குமாஸ்தாக் கட்சி. நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊர்வலத்தில் போனவன், போனவனுக்குத் தண்ணீர் கொடுத்தவன் என்று பெயர் விழுந்தால் போதும், உத்தரவு என் கைக்கு வராது. விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்பதால் பயமும் தலைகீழாகத் தெரியும்.

கொல்லயிலில் எங்கள் வீட்டோடு என் மைத்துனன் இருந்தான். மனைவியின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு ஒரு எண்ணெய் ஆலையில் கணக்கு எழுதினான். மீதி நேரமெல்லாம் கிளர்ச்சி. சாப்பிடும்போதுகூட மேடையில் நிற்பவன் போலக் கையை நீட்டித்தான் மோர் கேட்பான். நான் சாயங்காலம் கூடத்து மேசையில் அமர்ந்து உப்புத்தாளால் சக்கரத்தைத் தேய்க்கத் தொடங்கினால் அவனுக்குத் தாங்காது.

"அக்கா, பாத்தியா? நாடு கெடந்து கத்துது, அத்தான் பல்லு ராவுதாரு."

"எலே, சோலி உண்டெங்கில் போய்ப் பாரு" என்பேன்.

"எனக்க சோலி உங்களுக்கும் சேத்தாக்கும். நாளைக்குத் தமிழ்நாட்டுல கெவுருமெண்டு வேலை பாக்கும்போ நெனைப்பீங்க."

"நாளைக்கு வரட்டும். இண்ணைக்கு அந்தப் பசையைத் தட்டாம நட."

செய்து முடிக்க இரண்டு மழைக்காலம் எடுத்தது. மழையில் ஒட்டுப்பலகை ஊதும். அதனால் அந்த மாதங்களில் வெட்டக் கூடாது, பெட்டியை அடுப்பங்கரைப் பரணில் வைத்துக் காக்க வேண்டும். கச்சேரியில் மதிய இடைவேளையில் சிறு சக்கரங்களை வெட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். ஹெட் கிளார்க் ஒருமுறை ஒரு சக்கரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிச் சுழற்றிவிட்டுத் திருப்பித் தந்தார். என் வேலை காலியானால் உட்கார வைக்க அவருக்கு ஒரு மருமகன் இருந்தான் என்பதைக் கச்சேரியில் எல்லோருமே அறிவார்கள்.

முடிந்தபோது கிரேன் முழங்காலுக்கு மேல் உயரம் இருந்தது. கைப்பிடியை ஒரு விரலால் சுற்றினால் ஆறு சக்கரங்களும் பேசாமல் சுழலும். ஒரு தேங்காயைத் தரையிலிருந்து மேசைக்குத் தூக்கும். கையை எடுத்தால் தடுப்பு நாக்கு பல்லில் விழுந்து தேங்காய் அந்தரத்தில் நிற்கும். பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று வரைபடத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. நான் அப்படியே செய்தேன்.

மைத்துனன் வந்து பார்த்தான். முதல்முறையாக அவன் வாயில் நாடு வரவில்லை. தேங்காயை மேலே ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான்.

"கொள்ளாம் அத்தான்" என்று மெச்சினான்.

அப்போதே நான் கதவைப் பூட்டியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கச்சேரியிலிருந்து வந்தபோது மேசை காலி. மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"அவன் ஒரு நாளைக்குக் கொண்டு போனான். வைகுந்நேரம், இருட்டும்முன்ன திரும்பக் கொண்டாருவேண்ணு சொன்னான்."

"யாருக்க அனுமதியில?"

"வீட்டுக்குள்ளயும் மனு எழுதிக் கொடுக்கணுமா? பொருட்காட்சிக்குண்ணு சொன்னான். அவன் சின்னப் பிள்ளையா, நான் கெட்டிப் போட?"

பொருட்காட்சி என்று அவன் சொன்னது பாறசாலைச் சந்தையில் நடந்த ஊர்வலத்தை. ஒரு பெஞ்சில் என் கிரேனை வைத்து நாலுபேர் தோளில் சுமந்தார்கள். வைக்கோலில் ஒரு மந்திரி. வெள்ளைச் சட்டை, தோளில் நேரியது என்னும் மலையாளத் துண்டு. கொக்கியை மந்திரியின் கழுத்தில் மாட்டி, மைத்துனன் பெஞ்சோடு கூடவே நடந்து கைப்பிடியைச் சுற்றினான். மந்திரி மெல்ல மேலே போவார், கூட்டம் கத்தும். நாக்கு விழும், மந்திரி அந்தரத்தில் தொங்குவார், கூட்டம் இன்னும் கத்தும். சாதாரணமாகக் கொடும்பாவியை இழுத்துக்கொண்டு போய்க் கொளுத்துவார்கள். மந்திரியைச் சக்கரம் வைத்துத் தூக்கில் போட்டது அந்தத் தடவைதான். சந்தி தாண்டுவதற்குள் போலீஸ் தடியோடு வந்தது. தோள் கொடுத்தவர்கள் ஓடினார்கள். மைத்துனன் பெஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் கிரேனும் ஒரே வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது ஹெட் கிளார்க் பேனாவை நீட்டிக்கொண்டே மலையாளத்தில் சொன்னார்:

"தன்றெ கிரேன் நன்னாயிட்டுப் பொங்ஙி, கேட்டோ."

உன் கிரேன் நன்றாகவே எழும்பியது என்று வாழ்த்து. அதற்கு முன்னால் என் வேலைப்பாட்டைப் புகழ்ந்து அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாயங்காலத்துக்குள் விளக்கம் கேட்டுத் தாசில்தாரின் குறிப்பு என் மேசைக்கு வந்தது. அரசை இழிவுபடுத்தும் ஊர்வலத்துக்குச் சாதனம் செய்து கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் தற்காலிகக் குமாஸ்தாவை நீக்க ஒரு வரி போதும். அந்த வரியை நானே பிறருக்காகப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

மனைவி அழுதாள். தம்பிக்காகவா எனக்காகவா என்று நான் விசாரிக்கவில்லை.

விசாரணை மார்கழியில், காலை நேரத்தில், தாசில்தாரின் அறையில் வைத்தார்கள். ஸ்டேஷனிலிருந்து கிரேனைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்தார்கள். கழுத்து ஒடிந்த வைக்கோல் இன்னும் கொக்கியில் சிக்கியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மைத்துனன், தாடியோடு. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

ஹெட் கிளார்க் முதலில் வாக்குமூலம் கொடுத்தார். இந்தச் சக்கரங்களை என் மேசையில் கண்ணால் கண்டதாகச் சொன்னார். நான் எழுந்து, கிரேனைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகசரை வாசிக்க அனுமதி கேட்டேன். அதில் "மர இயந்திரம் ஒன்று" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை சக்கரம், என்ன அளவு, என்ன அடையாளம், எதுவும் இல்லை. நான் செய்த பொருளும் இந்தப் பொருளும் ஒன்றுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டேன். ஹெட் கிளார்க் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் மகசரைப் பார்த்தார்.

"நிங்ஙள் தன்னெ ஒந்நு கறக்கூ" என்றார் என்னிடம். நீயே சுற்றிக் காட்டு.

மேசையருகே போனேன். குனிந்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாப் பற்களின் இடுக்கிலும் வெள்ளையாக, மெழுகு போல, ஆனால் மெழுகல்லாத ஒன்று அடைந்திருந்தது. தேங்காய் எண்ணெய். ஊர்வலத்துக்குமுன் ஆலையிலிருந்து கொண்டுவந்து தாராளமாக ஊற்றியிருக்கிறான். எங்கள் பக்கத்தில் குழந்தையின் தலை, குடைக்கம்பி, பூட்டு, கழலாத மோதிரம், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். மரச்சக்கரத்துக்கு வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். வெயிலில் அது ஓடியிருக்கும். சந்தைத் தூசியும் வைக்கோல் பொடியும் அதில் படிந்திருக்கின்றன. இப்போது மார்கழிக் குளிரில் உறைந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்துச் சூடேற்றி, நாக்கை லேசாக விலக்கிவிட்டு, பின்னோக்கி அரைச் சுற்றுக் கொடுத்தால் இளகும். செய்தவனுக்குத் தெரியும். நான் அதைச் செய்யவில்லை. விரலால் தள்ளினேன், அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியை முழுக்கையாலும் பிடித்து முன்னோக்கி அழுத்தினேன். பெரிய சக்கரத்தில் ஒரு பல் ஒடிந்து மேசையில் விழுந்தது. சுவரில் ஓடிய பல்லியின் சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். எனக்கு மட்டும் காது அடைத்தது.

"ஐயா, நான் செய்த கிரேன் ஒரு விரலில் ஓடும்" என்றேன். "இது என்னுடையது அல்ல."

தாசில்தார் மைத்துனன் பக்கம் திரும்பினார். பிறகு இது யாருடையது?

"எனக்கதாக்கும் சார்" என்றான் அவன். "நாந்தான் செஞ்சேன். எனக்க கையாலே."

"இந்தப் பெரிய சக்கரத்துக்குப் பல் எத்தனை?" என்றார் தாசில்தார்.

"எண்ணிப் பாக்கல்ல சார். தேவைக்கு வெட்டினேன்."

போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். நான் தாசில்தாரிடம் சொன்னேன்: "பல்லை எண்ணாமல் வெட்டுகிறவன் செய்த கிரேன் இப்படித்தான் நிற்கும், ஐயா." அந்த அறையில் நான் சொன்னவற்றில் முழு உண்மை அது ஒன்றுதான். மைத்துனனின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட திருப்தியை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மேலான குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஹெட் கிளார்க்கின் மருமகன் வேறு கச்சேரி தேடினான். உரிமையாளன் குற்றத்தை ஏற்றுக்கொண்டதால் வழக்கு முடிந்ததும் பொருளை அழித்துவிட வேண்டும் என்பது முறை. அழித்தார்கள். நான்தான் முறை தெரிந்தவன் ஆயிற்றே, எந்த நாளில் அது நடக்கும் என்று கணக்குப் போட்டு அன்றைக்கு விடுப்பு எடுத்தேன்.

மைத்துனன் விடுதலையாகி வந்த அன்று மனைவி மீன்குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் எதிரெதிரே இலை. பாதிச் சோற்றில் அவன் கையை நிறுத்தினான்.

"அத்தான், நான் செஞ்சதுண்ணு சொன்னதினாலயாக்கும் நீங்க இண்ணைக்குச் சோறு தின்னுதது."

"நீ எடுத்துக்கொண்டு போனதினாலயாக்கும் நான் சோறு போயிடுமோண்ணு நடுங்கினது."

"ஒரு நண்ணி சொன்னா கொறைஞ்சா போயிடும்?"

"பல்லு எத்தனைண்ணு சொல்லு. நண்ணி சொல்லுதேன்."

"எலே, ரெண்டுபேரும் தின்னுங்க" என்றாள் மனைவி. எனக்கும் சேர்த்து எலே போட்டது அன்றைக்கு மட்டும்தான். அவன் அந்த வாரமே களியக்காவிளைக்கு அப்பால் ஒரு அறை எடுத்துக் குடிபோனான்.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. அவன் இருந்த தாலுகா சென்னையோடு சேர்ந்தது; எங்களுடையது இங்கேயே நின்றது. எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது, உயர்வுகள் வந்தன, முழு ஓய்வூதியம் வந்தது. அவனுக்கு மேடைகள் வந்தன. தன் கையால் இயந்திரம் செய்து மந்திரியைத் தூக்கியவன் என்று ஒவ்வொரு மேடையிலும் மாலை போட்டார்கள். நான் மறுக்க முடியாது. இது என்னுடையது அல்ல என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் அரசாங்கத்திடம் இருக்கிறது. விசாரணையில் பொய் சொன்னவனின் ஓய்வூதியத்தில் கை வைக்க வழி உண்டு. அந்த வழியும் எனக்குத் தெரியும். நான் இங்கே யார் பெயரையும் எழுதாமல் விட்டதற்கு அடக்கம் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் அவனிடம் பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார், அந்த மந்திரி அந்தரத்தில் எப்படி நின்றார் என்று. அவன் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே தடுப்பு நாக்கைப் பற்றி விளக்கினான். பாதி தப்பு. நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் மரியாதைக்காக என் பக்கமும் திரும்பினார்.

"சாருக்கு இதிலெல்லாம் பழக்கம் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"அத்தானுக்கா? கொஞ்சம் விருப்பம் உண்டு. கை வராது."

வாத்தியார் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினார். பரிமாறுகிறவன் மோர் கொண்டுவந்தான். நான் வாங்கிக் குடித்தேன்.