‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்…

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பழுதான மெஷின்கூட அவ்வளவு படுத்தாது. நன்றாக ஓடிக்கொண்டே, பக்கத்து மெஷின் எழுதியதைப் படிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதுதான் உயிரை வாங்கும். கரையான்சாவடி மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் எனக்கு இது தினப்படி. பென் டிரைவைப் பிடுங்கிப் பிடுங்கி மூன்று முறை சொருகிப் பார்த்தவர்தானே நீங்களும்?

மரியாதைக்கு ஓர் ஆமாம்

ஆவடி குவார்ட்டர்ஸில் மகளோடு இருப்பவர் சரோஜாம்மா. மகன் வெளிநாடு போகும்போது குடும்பப் போட்டோக்களை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவனுடையது விண்டோஸ் இல்லை, லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர். அம்மா அதை மகளின் விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினார். விண்டோஸுக்கு அந்த டிஸ்கைப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டது. அம்மா சரி என்று அழுத்திவிட்டார்; டிஸ்க் மொத்தமும் துடைத்தமாதிரி காலி.

டிஸ்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். கணவருக்கு வருஷ திதி வருகிறது. மனுஷர் சிரித்தமாதிரி எடுத்த ஒரே போட்டோ அதில்தான் இருக்கிறது; பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும். டிஸ்கை வாங்கிக்கொண்டேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை. அழிந்ததன் மேல் புதிதாக எதையும் பதியாமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். மறுநாள் சாயங்காலம் ஃபைல்கள் பெயரில்லாமல் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. படம் திறக்காத எத்தனையோ வெறும் கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில், பனியனோடு ஒருவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவை வரச்சொல்லிக் காட்டினேன். “எதுக்கும்மா சரின்னு அழுத்துனீங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அது மரியாதையா கேட்டுச்சு தம்பி. முகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னு எப்படிச் சொல்றது?”

குண்டு ஃபைல்

பூந்தமல்லி கல்யாண மண்டபம் ஒன்றில் பெரிய திரை போடுகிறவர் தாஸ். ஒரு ரிசப்ஷனுக்கு முன்னால் மூச்சிரைக்க ஓடி வந்தார். மாப்பிள்ளை-பெண் படம் ஆறு ஜிபி. பென் டிரைவில் முப்பது ஜிபி காலி. ஆனாலும் ஏற மறுக்கிறது. அது பழைய வகை ஃபார்மட், ஒரே ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டினால் வாங்காது, புது வகைக்கு மாற்றினால் மண்டபத்து பிளேயர் படிக்காது என்று விளக்கினேன்.

“இன்னா நைனா, பஸ்ஸு காலியா கீது, குண்டா கீறவனை மட்டும் ஏத்த மாட்டேன்றியே!” என்றார்.

படத்தை இரண்டாக வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

“மாமே, பாதில நின்ன ஒடனே இன்டர்வல்னு நெனச்சிகினு சனம் மொத்தமும் பந்திக்குப் போயிட்ச்சு!”

ஒரே லேப்டாப், இரண்டு குடித்தனம்

ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் இருக்கும் திருநெல்வேலித் தம்பதி, முருகன்-கவிதா. ஒரே லேப்டாப்பில் அவருக்கு லினக்ஸ், அந்தம்மாவுக்கு விண்டோஸ். இடம் பத்தவில்லை என்று மனைவி சொன்னதும், முருகன் தன் லினக்ஸ் பகுதியைத் தாராளமாக அழித்துவிட்டார். லேப்டாப்பைத் திறக்கும் வழியும் அதற்குள்தான் இருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை வெறும் கறுப்புத் திரை. பதினொரு மணிக்குக் கவிதாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ; மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு கிடைத்த முதல் அழைப்பு.

நான் ஷட்டரைத் தூக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். பத்தே முக்காலுக்கு விண்டோஸ் எழுந்தது. வீட்டுக்குப் போக நேரமில்லை. என் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பின்னால் பழைய மானிட்டர்கள் அடுக்கியிருக்க, கவிதா பதில் சொன்னார். வருகிற கஸ்டமர்களை எல்லாம் வெளியிலேயே மறித்து நிறுத்தினார் முருகன்.

சில நாள் கழித்து அல்வாவோடு வந்தார்கள். கவிதாதான் ஆரம்பித்தார்.

“வேலை கெடைச்சிட்டு அண்ணாச்சி, ஆபீஸ்லயே லேப்டாப்பும் தந்துட்டாவ. இனிமே பழச இவுகளே வச்சுக்கிட்டு எத்தனை துண்டா வேணும்னாலும் வெட்டட்டும்!”

ஊரார் டிஸ்கையெல்லாம் பாகம் பிரித்து, பேக்கப் எடுக்கச் சொல்லி புத்தியும் சொல்லும் என் சொந்த லேப்டாப்பில் எல்லாமே ஒரே டிரைவில், ஒரு பிரதிகூட இல்லாமல் கிடக்கிறது.