அப்பாவின் மெட்டும் குப்பை வண்டியும்

சங்கரன்கோவிலில் அப்பா மெல்லிசைக் குழு நடத்தினார். கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் பிழைப்பு. ஆனால் அவருக்கு ஆசையெல்லாம் சொந்தமாக அமைத்த இசைமேல். வயலின், புல்லாங்குழல், கிதார், கீபோர்டு; பாட்டு கிடையாது. எந்தக் கல்யாணமானாலும் முதலில் அதில் ஒன்றை வாசித்துவிடுவார். கீபோர்டில் நான்தான்.

ஒரு வரவேற்பில் பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, மைக் டெஸ்ட் முடிஞ்சிட்டுன்னா பாட்டைத் தொடங்கலாம்லா?"

"இதுதான் பாட்டு," என்றார் அப்பா.

"அப்ப பாடுத ஆளு எங்க?"

அப்பா கோபப்படவில்லை. கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் சினிமாப் பாட்டுக்குப் போனார்.

பிறகு ஊர்க் குப்பை வண்டிகளுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொடுத்த சவுண்ட் செட்காரர், வார்த்தை இல்லாத மியூசிக் ஒன்று கேட்டு வந்தார். அப்பா 'சாரல்' என்று பேர் வைத்திருந்த மெட்டைக் கொடுத்தனுப்பினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"போயும் போயும் குப்பை வண்டிக்கா குடுத்திய?"

"மண்டபத்துல இதக் கேட்டா எந்திரிச்சுப் போறாவ. இப்பம் தெருவே வெளிய வருது. வேற என்ன வேணும்?"

தினமும் காலையில் டீ கிளாசோடு வாசலில் நின்று, வாளியோடு வரும் பெண்களைப் பெருமையாகப் பார்ப்பார்.

போன வருஷம் அவர் இறந்தார். நினைவுக் கூட்டம் பக்கத்துத் தெரு மண்டபத்தில், காலையிலேயே. குழுவில் மிச்சமிருந்தவர்கள் 'சாரல்' வாசிக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் மண்டபத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள், கையில் குப்பை வாளியோடு வண்டியைத் தேடிக்கொண்டு நின்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமலே வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்துபோய், "வாளிய அங்கன வச்சிட்டு உள்ள வாங்க," என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

முடிந்ததும் அதில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: "இது இவ்வளவு நீளமாக்கா? எங்க தெருவுல முதக் கொஞ்சம் கேக்கதுக்குள்ள வண்டி போயிரும்."

அப்பா போனபிறகு அன்றுதான் அம்மா சிரித்தாள்.

இன்னொன்று வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தோம். அதற்குள் நிஜ வண்டி வந்து, யாரும் இல்லாத தெருவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. "நாளைக்குப் போட்டுக்கிடுதோம்" என்று அவர்கள் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.