நட்சத்திர விளக்கை அணைக்கச் சொன்ன அக்கா

எங்கள் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்போது தொலைநோக்கியை மட்டும் விட்டுவிடும்படி அத்தை கேட்டுக்கொண்டார். "கோயிலுக்குப் போனா, தங்கச்சியப் படிக்க வெச்சா, அத எழுது. அந்தக் குழாய் கதை எதுக்கு? பைத்தியம்பாங்க." அத்தை மன்னிக்கட்டும். குழாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அக்கா கோலார் தங்கவயலில் பிறந்தார். அப்பா இறந்ததும் இந்த விவேக் நகருக்கு வந்தோம். டைப்பிஸ்ட் சம்பளத்தில் அக்கா என்னைக் கரையேற்றியது உங்களுக்குத் தெரியும். மிச்ச நேரத்தில் கொல்லையில் உட்கார்ந்து, தொலைநோக்கிக்கான கண்ணாடியைத் தம் கையாலேயே தேய்த்தது பலருக்குத் தெரியாது. மெருகுப் பொடியின் சிவப்பு விரல்களை விட்டுப் போகாது. "மருதாணி வைக்கிற வயசுல இது என்னடி கறை?" என்று, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அத்தை கேட்டார். அக்கா கையை மறைக்கவில்லை. அவர்கள் போனதும் மறுபடி தேய்க்கப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவே ஒரு டிசம்பர் மாலை. வீட்டுக்கு வீடு கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கு. அந்த வெளிச்சத்தில் அக்கா வானத்தில் தேடியது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. திடீரென்று கரண்ட் போனது. தெருவே 'ஐயோ' என்றது. எங்கள் மொட்டைமாடியில் மட்டும் சந்தோஷக் கூச்சல்: "ஓடி வாடி!"

குழாயில் கண்ணை வைத்தேன். "ஒண்ணும் இல்லையேக்கா."

"நேரா பாக்காத. கொஞ்சம் ஓரமாப் பாரு, அப்பத்தான் தெரியும்."

சாம்பிராணிப் புகைபோல ஒரு மங்கல் வெண்மை. ஆண்ட்ரோமீடா. நம் பால்வீதிக்கு வெளியே, கோடானுகோடி சூரியன்கள் கொண்ட இன்னொரு விண்மீன் மண்டலம். அக்கா அழுதார். நானும் அழுதேன். கரண்ட் வந்ததும் தெரு கைதட்டியது, அக்கா திட்டினார்.

மறுவருடம் வீடு வீடாகப் போய், ஒரே ஒரு மாலை, பத்து நிமிஷம் விளக்கை அணைக்கக் கேட்டார். "ஏசு பொறக்குற மாசத்துல ஸ்டார அணைக்கச் சொல்றியே, நீயெல்லாம் வேதக்காரியா?" என்றார்கள். "மூணு ராஜாக்களும் பாத்தது பல்ப இல்லீங்களே," என்றார் அக்கா. ஒருவரும் அணைக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் கேட்டார். நோயில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதும் என்னை அனுப்பிக் கேட்கச் சொன்னார்.

சென்ற டிசம்பரில் அவரை அடக்கம் செய்து திரும்பினோம். துக்கத்துக்காகத் தெரு முழுவதும் நட்சத்திர விளக்குகளை அணைத்திருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு கேட்டவருக்குப் பத்து நிமிஷம் தரவில்லையே! மாடிக்குப் போய்க் குழாயைத் திருப்பி, ஓரமாகப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது.

நோயில் கஞ்சி கொண்டுவந்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள், ஜெபித்தவர்கள், அன்று விளக்கை அணைத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு நாள் மாலையிலும் அணையுங்கள். துக்கத்துக்காக வேண்டாம், பார்ப்பதற்காக அணையுங்கள். அணைத்துவிட்டு எங்கள் மாடிக்கு வாருங்கள். முதலில் அத்தை பார்க்கட்டும்.