வாரிசைத் தேடிப் போன வீடு

உயில் எழுதாமல் செத்துப் போனவர்களின் சொத்துக்கு வாரிசு தேடுவது என் வேலை. ஜாலான் புசார் தெருவில் ஒரு குழாய்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் வக்கீல் அலுவலகம். தமிழ்ப் பெயர் உள்ள கோப்பு என்றால் கேட்காமலே என் மேசைக்கு வந்துவிடும்.

சொத்து வருகிறது என்று சொன்னால் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாத ஒருத்தி போன் செய்து உங்களுக்குப் பணம் இருக்கிறது என்றால், இந்த ஊரில் அவள் மோசடிக்காரி. பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு பெரியவர் கதவைத் திறக்காமலே தமிழிலும் மலாயிலும் ஹொக்கியன் சீனத்திலும் மாறி மாறித் திட்டியிருக்கிறார். அதெல்லாம் பழகிவிட்டது. திட்டு வாங்கிய நாட்களில் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்த வீடுகள்தான் தூங்கவிடுவதில்லை.

அப்படி ஒரு வீடு, தீவின் வடக்கே யீஷூனில்.

அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கடையில் பாதிப் பங்கு ஒரு தமிழருக்கு; அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. தவுக்கேக்கு வயதாகிவிட்டது, கடையை விற்க வேண்டும். விற்க வேண்டுமென்றால் இறந்தவரின் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். குடும்பம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைக்கு மேல் அறையிலேயே குடியிருந்திருக்கிறார். மண்டாய் சுடுகாட்டில் தகனத்துக்கு ஏற்பாடு செய்ததும் தவுக்கேதான். "குட் மேன் லா, நோ டிரபிள்," என்றார். கண் கலங்கியது அவருக்கு.

குடும்பமே இல்லாத மனிதர் ஒருவரை இந்த வேலையில் நான் இதுவரை பார்த்ததில்லை. தேடினேன். பழைய திருமணப் பதிவில் ஒரு மனைவி வந்தார், அப்புறம் ஒரு மகள். அவர்களும் வீடு மாறி மாறிக் கடைசியில் யீஷூனுக்கு வந்திருந்தார்கள். மனிதர் வீட்டைவிட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். இத்தனூண்டு தீவில் ஒருவர் தொலைந்து போக வேண்டுமென்றால் நன்றாக மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டிருக்கிறார், மகாராசன்.

கதவைத் திறந்தது மகள். நாற்பதை நெருங்குகிற வயது, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. என் அட்டையைப் படம் எடுத்து, அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்து, அப்புறம்தான் மரணச் சான்றிதழைக் கையில் வாங்கினாள். படித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா, இத அம்மாகிட்ட சொல்ல முடியாது."

"சொல்லாம எப்படிம்மா? ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு. அவங்க கையெழுத்து வேணும்."

"அப்பா செத்தத சொல்லலாம்க்கா. எப்போன்னு சொல்ல முடியாது."

தாழ்வாரத்தில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அம்மா இன்னும் தாலியும் நெற்றி நிறையக் குங்குமமுமாகத்தான் இருக்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுவார். அந்த அடுக்குமாடி புளோக்கில் கல்யாணமோ வளைகாப்போ, சுமங்கலி என்று முதலில் அழைப்பது அவரைத்தான். ரொம்ப வருடம் கழித்து மகள் உண்டானபோது வளைகாப்பில் முதல் வளையலைப் போட்டதும் அவர்தான். குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில நாள் மட்டும் இருந்துவிட்டுப் போய்விட்டது.

"அப்ப அப்பா செத்து ஒரு வருஷம் ஆகியிருக்குக்கா. தாலி அறுத்தவ கையால வளையல் போட்டதாலதான் பிள்ளை போச்சுன்னு அம்மா முடிவு பண்ணிடும். ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியும், நான் நர்ஸ். அம்மாக்கு எப்படிப் புரியவைக்கிறது?"

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் சுத்தமாகப் பிடிக்காது. புருஷன் செத்தால் பெண்டாட்டி கையில் விஷம் ஊறிவிடுமா? கேட்கவே எரிச்சலாக வரும். ஆனால் என் எரிச்சலால் உள்ளே இருக்கிற அம்மாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

"போன மாசம்னு சொல்லிடுறேன். அம்மா இங்கிலீஷ் படிக்காது. நீங்க சும்மா இருந்தாப் போதும்க்கா," என்றாள். சரி என்றேன். அப்போது அதுதான் இரக்கம் என்று பட்டது.

அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மகளின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மகள் அவரை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, நான் எங்கிருந்து வருகிறேன், எந்தக் கடைப் பங்குக்குக் கையெழுத்து வேண்டும், அப்பா செத்துவிட்டார் என்று சொன்னாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை.

"எப்போ?"

"போன மாசம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். பிள்ளை சொல்வதைவிட வீட்டுக்கு வந்தவள் சொல்வதுதான் நமக்கு எப்போதும் நிச்சயம்.

"அப்படியாம்மா?"

தலையாட்டினேன்.

"அதுவரைக்கும் எங்க இருந்தாரு?"

"ஜாலான் புசார்லம்மா. ஒரு கடைக்கு மேல."

"எந்த ஜாலான் புசார்? தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கமா இருக்கே, அதுவா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

"பிள்ளைய வச்சிருந்த ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கந்தானே," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை போனப்ப தமிழ்ப் பேப்பர்ல சாவு விளம்பரம் போட்டோம்மா. இவ வேணான்னா. நாலு நாள் இருந்த பிள்ளைக்கு யாராச்சும் பேப்பர்ல போடுவாங்களான்னு கேட்டா. நான்தான் பிடிவாதமா போடச் சொன்னேன். தாத்தான்னு அவரு பேரையும் போட்டேன். அவருக்குத்தாம்மா போட்டதே. பேப்பர் பாக்காம அவருக்குக் காப்பி இறங்காது. எங்க இருந்தாலும் பாத்துட்டு ஓடி வருவாருன்னு நெனச்சேன். வரல. மனுசன் உசுரோட இல்ல போலருக்குன்னு அப்பவே மனசுல பட்டுச்சு. இப்படி நெனைக்கிறியேடி பாவின்னு வாயிலயே அடிச்சுக்கிட்டேன்."

மைலோவில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

"உசுரோடதான் இருந்திருக்காரு," என்றார் அம்மா. "பாத்துட்டுத்தான் வராம இருந்திருக்காரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த விளம்பரம் வந்தபோது அவர் செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பார்த்திருக்கவே முடியாது. அதைச் சொன்னால் மனிதர்மீது விழுந்த பழி போய்விடும். போய், அந்தக் குழந்தையின் சாவு முழுசாக அம்மாவின் கைமேல் வந்து விழும். இரண்டில் எதை அந்த அம்மாவுக்குக் கொடுப்பது? எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், தாலிச் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி மைலோ கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மகள் பதறிப் போய், "இப்ப வேணாம்மா, முறைப்படி எல்லாரும் வந்ததுக்கப்புறம் பண்ணலாம்மா," என்று அழுதாள்.

"என்ன முறை? யாரோ எவரோ. அந்த ஆளுக்கு எதுக்குடி முறை?" என்றார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. கையெழுத்தும் வேண்டாம், கடையும் வேண்டாம், இனிமேல் அந்தப் பேச்சே இந்த வீட்டில் வேண்டாம் என்றார். என்னிடம் மட்டும் தன்மையாக, "நீ என்னம்மா பண்ணுவே, போயிட்டு வா," என்றார். சாப்பிட்டுப் போகச் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது.

மகள் என்னோடு படிக்கட்டுவரை வந்தாள். "உண்மைய சொல்லிடட்டுமாக்கா?" என்றாள். "சொல்லி?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் என் போனை அவள் எடுக்கவில்லை. தவுக்கே இன்னமும் மாதத்துக்கு ஒருமுறை படியேறி வந்து கேட்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறேன்.

அந்த மனிதருக்குத் திதி கொடுக்க இனி யாரும் இல்லை. எந்தக் கடையில் சாப்பிடுகிறாரோ, எங்கே படுக்கிறாரோ என்று இருபது வருடத்துக்கும் மேலாக அவரை நினைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். நான் போய்க் கண்டுபிடிக்கிற வரைக்கும் இருந்தாள்.